மயிலாளின் புளிசாதமும் குமரங்கரட்டுச் சுனையும்

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சாயப்பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வருஷமாக ஓர் அநியாயம் நடந்துகொண்டிருந்தது. மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் உட்காருவார்கள். டப்பாக்கள் திறக்கும். யார் கை யார் டப்பாவுக்குள் போகிறது என்று கணக்கே கிடையாது. ஒருத்தர் வீட்டுக் கத்தரிக்காய் இன்னொருத்தர் வீட்டுத் தயிர்சாதத்தில் ஏறி உட்காரும். கேட்காமல் எடுப்பதுதான் அங்கே மரியாதை. மயிலாளின் டப்பாவுக்குள் மட்டும் ஒரு கையும் போவதில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. புதன்கிழமை தவறாமல் புளிசாதம் கொண்டுவருவாள். நாலு பேர் சாப்பிடுகிற டப்பா, தளும்பத் தளும்ப. நல்லெண்ணெயும் வறுத்த கடலையும் மணக்க மணக்க நடுமேசையில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு, தன் பங்கைச் சாப்பிடுவாள். மிச்சத்தை அப்படியே மூடி, மண்ணரையில் இருக்கும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவாள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு புதன்கிழமை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

மயிலாள் பிறந்தது சோமனூரில். வீட்டுக்குள்ளேயே ரெண்டு விசைத்தறி ஓடும். தறிச் சத்தம் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும். பத்தாவது முடித்ததும் மண்ணரையில் கட்டிங் மாஸ்டராக இருந்த அர்த்தநாரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஈரத்துணி மடிக்கத்தான் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கம் இருந்த கெமிஸ்ட் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "மீட்டர் பாத்து நம்பர் எழுதத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று மேனேஜர் வந்து கேட்டார். துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவள்தான், திரும்பி வரவே இல்லை.

காலையில் சிவப்பாகவும் மதியம் ஊதாவாகவும் வருகிற சாயத்தண்ணீரை ஆறு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் மருந்தை ஒவ்வோர் அளவில் போட்டுக் கலக்கி, எதில் அழுக்கு சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்ப்பாள். அதை வைத்துத்தான் லட்சம் லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு மருந்து என்று முடிவாகும். அவள் சொன்ன அளவுக்கு மேலே ஒரு கிலோ போட ஆள் கிடையாது. விடுதியில் தங்கியிருக்கும் வடநாட்டுப் பையன்களுக்குக் குடிதண்ணீர் பரிசோதிப்பதும் மாசாமாசம் அவள்தான். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வந்தால் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான். இதுவரை ஒருத்தன் அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டதில்லை.

ஆனாலும் கம்பெனியில் அவள் பெயர் சாக்கடை மயிலா. "நீங்க கழுவி ஊத்தறதை மறுபடி சாயத்துக்கே எடுக்கற மாதிரி ஆக்கிக் குடுக்கறவ நானு. என்னையப் போயி சாக்கடைங்கறீங்களே, வாய் கூசலீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அந்தப் பெயரெல்லாம் அவளுக்குத் தூசு. அவளால் தாங்க முடியாதது யாரும் கை வைக்காத அந்த டப்பாதான்.

இந்த வினை வந்தது குமரங்கரடு என்கிற மலையில்.

பங்குனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரர்கள் இருபத்துநாலு பேர் குமரங்கரடு ஏறுவது வழக்கம். மேலே முருகன். மூன்று மணி நேர ஏற்றம். பாதை என்று பெயர்தான், பாதி தூரம் பாறையைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். கடை கண்ணி எதுவும் கிடையாது. இதில் ஒரு கட்டுப்பாடு வேறு. அடிவாரத்துப் பிள்ளையாருக்கு மேலே யாரும் தண்ணீர் சுமக்கக் கூடாது. பாட்டில்களையெல்லாம் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். உச்சியில் முருகன் சுனை இருக்கிறது, தண்ணீர் அவன் கொடுப்பான், தூக்கிக்கொண்டு போனால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். நாக்கு வறள ஏறி, சுனையில் அள்ளிக் குடித்து, அதே தண்ணீரில் பொங்கல் வைத்துப் படைத்துவிட்டு இறங்குவார்கள்.

போன வருஷம் எல்லாருக்கும் புளிசாதம் மயிலாள்தான் கட்டிக்கொண்டு போனாள். ஆசை ஆசையாகச் செய்தது. இருபத்துநாலு பொட்டலமும் காலி. மறுநாள் விடிந்தால் பதினோரு பேருக்கு வாந்தி பேதி. பேக்கிங்கில் இருக்கும் செல்லாத்தாளுக்குத்தான் ரொம்ப மோசம், அவருக்குத் திரும்பி வரும்போதே ஆரம்பித்துவிட்டது. அறுபது வயது, சர்க்கரை உடம்பு. ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இன்னொரு நாள் விட்டிருந்தா கிட்னிக்குப் போயிருக்கும்" என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார். "அந்தப் புளிசாதந்தானுங்க. வேறென்ன?"

மயிலாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புளிசாதம் ரெண்டு நாள் கெடாது என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யார் யார் படுத்தார்கள், யார் யார் படுக்கவில்லை என்று தண்ணீர்க் குறிப்பேடு எழுதுவதுபோல எழுதிப் பார்த்தாள். புளிசாதம் சாப்பிட்டது இருபத்துநாலு பேர். தப்பித்தது பதின்மூன்று. அந்தப் பதின்மூன்று பேரும் பாய்லர் ஓட்டும் இசக்கிமுத்துவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள். அவர் மலையில் சுக்குக் காபி போடுவார். அவர்கள் அதைத்தான் குடித்தார்கள், அவளும் அதைத்தான் குடித்தாள். பச்சைத் தண்ணீர் குடித்த பதினோரு பேர்தான் படுத்தது.

இதைப் போய்ச் சொன்னாள். செல்லாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகன் தண்ணியவா குத்தஞ் சொல்ற? நாக்கு அழுகிப் போயிரும்டி!"

சாய லேப் சூப்பர்வைசர் குணா இன்னொரு பக்கம். அவன் சட்டைப் பையில் பேனா மாதிரி, தண்ணீரில் முக்கினால் நம்பர் காட்டுகிற ஒரு டி.டி.எஸ். மீட்டர் எப்போதும் இருக்கும். திருப்பூரில் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர்கள் நாம். 'உங்க போர் தண்ணி எத்தனை?' என்று கேட்டுவிட்டுத்தான் பெண் கொடுப்பதைப் பற்றியே பேசுவோம். நம்பர் குறைந்தால் நல்ல தண்ணீர், கூடினால் கெட்ட தண்ணீர். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் வேண்டாம். "சுனைத்தண்ணி நாப்பத்தி ரெண்டுக்கா. நம்ம ஆர்.ஓ.வே அறுபது. அதுல எப்படி கெடுதல் இருக்கும்?" என்றான் குணா. "தம்பி, அது உப்பை எண்ணுற மீட்டருங்க. கிருமிய எண்ணாது" என்றாள் மயிலாள். கேட்க ஆள் இல்லை. அன்றைக்குப் பின்வாங்கின கைகள்தான், டப்பா பக்கம் வரவே இல்லை.

இந்த வருஷம் பங்குனி வந்தது. நோட்டீஸ் போர்டில் எழுதியிருந்தார்கள்: 'அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டு வரவும்.' யாருக்காக எழுதினது என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீ போகாத" என்றார் அர்த்தநாரி. அதிர்ந்து பேசாத மனுஷர், அவரே சொன்னார்.

"போவேன்" என்றாள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. இந்தத் தடவை புளிசாதம் கிடையாது. அவரவர் வீட்டுச் சோறு. போய்ச் சுனையில் அள்ளி அள்ளிக் குடிப்பார்கள். மறுநாள் படுப்பார்கள். அப்போது யார் மேல் பழி போடுவார்கள் என்று பார்க்கலாம். தான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது. நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, அவளும் மனுஷிதானே. தனக்கு மட்டும் காய்ச்சிக் குடிக்க ஒரு தூக்குப்போசி, வடிகட்ட அர்த்தநாரியின் பழைய வேட்டி, சுனைத் தண்ணீரைப் பிடித்துவர லேப்பிலிருந்து ரெண்டு சோதனைக் குப்பி, எல்லாம் பையில் போட்டுக்கொண்டாள்.

காலை ஆறரைக்கு ஏற ஆரம்பித்தார்கள். எட்டு மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. உசிலை மர நிழல் வந்தால் நிற்பதும், "அரோகரா" என்று ஒருத்தர் குரல் கொடுத்ததும் மறுபடி ஏறுவதுமாகப் போனது. உச்சிக்கு வந்தபோது பேச்சே யாருக்கும் வரவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது.

சுனை தெளிவாகத்தான் இருந்தது. போன வருஷம் யாரோ போட்ட காசு அடியில் பளிச்சென்று தெரிந்தது. குணா முதல் ஆளாகக் குனிந்து மீட்டரை முக்கினான். "நாப்பத்தி ஒண்ணு! போன வருஷத்துக்கு ஒண்ணு கம்மி!" என்று கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

மயிலாள் தண்ணீரைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு மேலே பார்த்தாள். சுனைக்கு மேல் சரிவில் கொஞ்சம் சமதளம். முள்ளு வெட்டிப் போட்ட ஆட்டுப்பட்டி. பச்சைப் புழுக்கை வழிந்து கிடந்தது. ரெண்டு நாளைக்கு முந்திப் பெய்த கோடை மழை அதையெல்லாம் அலசி, ஒரு சின்னத் தாரையாக நேரே சுனைக்குள் இறக்கிவிட்டிருந்தது. மழைத்தண்ணீரில் உப்பு ஏது, மீட்டர் நாற்பத்தொன்று காட்டாமல் என்ன செய்யும்! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சும்மா இரு மயிலா, சும்மா இரு.

வயசில் பெரியவர் முதல் சொம்பு குடிப்பது அங்கே முறை. செல்லாத்தாள் கடைசியாக ஏறி வந்தார். கால் நடுங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுனையில் சொம்பை முக்கி, ரெண்டு கையாலும் ஏந்தி, "முருகா" என்றார்.

போன வருஷம் திரும்பிப் போகிற வேனிலேயே அந்த அம்மாளுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மயிலாள்தான். அந்தத் தலை தன் உள்ளங்கையில் கனத்தது இப்போது ஞாபகம் வந்தது. கருமம், வந்துதான் தொலைத்தது!

ஒரே எட்டு. சொம்பைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்துவிட்டாள்.

செல்லாத்தாள்தான் முதலில் கத்தினார். "அடிப் பாவி! சாமி தண்ணியத் தட்டி உட்டுட்டயேடி!"

"மேல பாருங்கக்கா. ஆட்டுப்பட்டி. அதுல அலசுன தண்ணி நேரா இதுக்குள்ள வருது. இதை நீங்க குடிக்கப் படாது. யாரும் குடிக்கப் படாது."

"ஆட்டம் காட்டாதீங்கக்கா" என்றான் குணா. "நாப்பத்தி ஒண்ணு. எல்லாரும் பாத்தாங்க."

"சாயம் போடறதுக்கு நல்ல தண்ணி தம்பி, நான் இல்லைங்கல. குடிக்கறதுக்கு ஆகாது. காய்ச்சித்தான் குடிக்கோணும்."

"முருகன் சுனையக் காய்ச்சறதா!" செல்லாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. "எத்தனை தலைமுறையா வாறோம்? உன்ற புளிசாதத்துக்குப் பரிஞ்சுக்கிட்டு சாமியக் கொற சொல்லாத!"

"சரிங்கக்கா. சித்த நேரத்துல இதே தண்ணிய அண்டாவுல ஊத்திப் பொங்கல் வெப்பீங்களே, அது கொதிக்கறப்ப முருகன் கோவிச்சுக்கறாருங்களா?"

இதைச் சொன்னதும் மயிலாளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு வருஷமாக யோசித்தும் வராத பேச்சு இப்போது வந்து விழுந்தது.

இசக்கிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், பாய்லர் வெப்பத்தில் இருபது வருஷம் வெந்தவர். "ஏ, அந்த அக்கா சொல்லுதது சரிதாம்ல. பொங்கலுக்கு எப்படியும் அடுப்பு மூட்டத்தான போறோம்? தண்ணிய மொதல்ல கொதிக்க வச்சுப்போடுவோம். வெறகு எம்பாடு. தண்ணி நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். சுக்குக் காபிக் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் எழுந்தது.

அதற்குப் பிறகு மயிலாள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாயப்பட்டறையில் அவள் சுத்திகரிப்புத் தொட்டிமேல் நிற்கிற நிற்பு அப்படியே வந்துவிட்டது. சுனையைத் தொடவே விடவில்லை. "காய்ச்சறதுதான் காய்ச்சறோம், ஆட்டுப் புழுக்கையத்தான் காய்ச்சோணுமா?" என்று ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பட்டியையும் தாண்டி மேலே ஏறினாள். பாறையில் எங்கே பாசி பச்சையாக இருக்கிறது, எங்கே கல் கறுத்து ஈரமாக இருக்கிறது என்று தடவிக்கொண்டே போனாள். கடைசியில் உச்சிப் பாறையின் மறுபக்கம் ஒரு வெடிப்பு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இல்லை, நூல் மாதிரி நிற்காமல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெறும் பாறை. ஆட்டுக் காலடி இல்லை, குரங்கு உட்கார்ந்த அடையாளம் இல்லை. ஒரு நீள இலையை மடித்து வெடிப்பில் செருகினாள். நூல் அப்படியே இலைமேல் ஓடிவந்து குடத்துக்குள் விழுந்தது. ரெண்டு குடம் நிறைய அரைமணி நேரம் ஆயிற்று.

கீழே அண்டாவின் வாயில் துணி கட்டவேண்டும். ஒருத்தர் பையிலிருந்து கம்பெனி பனியன் துணி எடுத்து நீட்டினார், புத்தம் புதுசு, வெள்ளை வெளேரென்று இருந்தது. மயிலாள் தொடவில்லை. "இதுல சாஃப்ட்னர் போட்டு, வெள்ளையாத் தெரியறதுக்கு மருந்தும் போட்டிருக்குது. போட்டவங்க நாமதானுங்க, நமக்குத் தெரியாதா?" என்று சொல்லி அர்த்தநாரியின் பழைய வேட்டியை எடுத்து நாலு மடிப்பாகக் கட்டினாள். நூறு தடவை துவைத்த வேட்டி. மண்ணும் சருகும் எல்லாம் துணியில் நின்றன.

"கொதி வந்துருச்சு, எறக்கட்டுமா?" என்றார் இசக்கிமுத்து.

"வந்தா பத்தாதுங்க. குமுகுமுன்னு அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும்."

"பாய்லர்க்காரனுக்கே நெருப்பு சொல்லிக் குடுக்கிய" என்று சிரித்தார். ஆனாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டார்.

கொதித்த தண்ணீரைக் குடங்களில் ஊற்றி, மூடி இறுக்கி, கழுத்துவரை சுனைக்குள் இறக்கி வைத்தாள் ஆறுவதற்கு. முருகன் சுனை அதற்காவது உதவட்டுமே! குடிக்கத் தண்ணீர் கிடைக்க மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதுவரை அவளைத் திட்டாத வாய் இல்லை. குணா நடுவிலேயே எழுந்து, "ஆறிப் போன தண்ணிக்கு ஒன்றரை மணி நேரம் என்னால காத்திருக்க முடியாது" என்று பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

முதல் சொம்பு செல்லாத்தாளுக்கு. அந்த அம்மாள் மயிலாளின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுச் சொம்பை மறுபடி நீட்டினார். கொஞ்சம் புகை வாசம் அடித்ததே தவிர, தண்ணீர் தேன் மாதிரி இருந்தது. எல்லாரும் குடித்து முடித்த பிறகு மயிலாள் ரெண்டு குப்பியையும் எடுத்தாள். ஒன்றில் சுனையின் பச்சைத் தண்ணீர், ஒன்றில் காய்ச்சின தண்ணீர். இறுக்கி மூடிப் பையில் வைத்தாள். குப்பிக்குள் ஏற்கெனவே மருந்து இருக்கும்; ஒரு நாள், ரெண்டு நாள் அப்படியே வைத்திருந்தால் கிருமி இருக்கிற தண்ணீர் கறுத்துப் போகும். விடுதித் தண்ணீருக்கு மாசாமாசம் செய்கிற சோதனைதான்.

திங்கட்கிழமை. வாந்தி இல்லை, பேதி இல்லை. எல்லாரும் ஜம்மென்று வேலைக்கு வந்திருந்தார்கள். குணா மட்டும் காய்ச்சல் என்று லீவ் சொல்லியிருந்தான். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் செல்லாத்தாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"பாத்தீங்களா? இந்த வருசம் புளிசாதம் இல்ல. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

கேட்டதும் மயிலாள் எடுத்த கவளத்தைத் திருப்பி டப்பாவிலேயே போட்டாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. எல்லாரையும் காப்பாற்றினாள், காப்பாற்றினதாலேயே தான்தான் குற்றவாளி என்று தன் கையாலேயே நிரூபித்துவிட்டாள். சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கூடம் பாதி காலியாக இருந்திருக்கும். அவள் பெயர் சுத்தமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் லேப்புக்குப் போய்க் குப்பிகளைப் பார்த்தாள். காய்ச்சின தண்ணீர் அப்படியே இருந்தது. சுனைத் தண்ணீர் கன்னங்கரேலென்று தார் மாதிரி கறுத்துவிட்டிருந்தது. எடுத்துக்கொண்டு ரெண்டு அடி நடந்தாள், நின்றாள். சாக்கடை லேப்பிலிருந்து கறுப்பாக எதையோ ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். திருப்பி அலமாரியில் வைத்துவிட்டாள்.

வீட்டில் அர்த்தநாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீ சும்மா இருந்திருந்தா?" என்றார்.

"செல்லாத்தாக்கா மறுபடி ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுப் படுத்திருப்பாங்க."

"அப்பறம் எதுக்கு அழுகற?"

"அழுகலீங்க. கோவம்" என்றாள். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் புளியை ஊறப்போட மறக்கவில்லை. மறுநாள் புதன்கிழமை ஆயிற்றே.

புதன்கிழமை பதினோரு மணிக்கு லேப் கதவைத் திறந்துகொண்டு குணா வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. ஒரு சூப்பர்வைசர் அந்த லேப்புக்குள் நடந்து வருவது அதுவே முதல் தடவை.

"அக்கா, எனக்குக் காய்ச்சல் இல்ல" என்றான்.

அவள் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

"பாறைக்கு அந்தப் பக்கம் சுத்திப் போயி சுனைல கையில அள்ளி நெறையக் குடிச்சேன். நாப்பத்தி ஒண்ணுதானன்னு. திங்கக்கெழமை வெடியக்காலத்துல ஆரம்பிச்சது... மூணு நாளுங்க்கா. மலையில எங்கம்மா சுட்டுக் குடுத்த இட்லிதான் தின்னேன். வேறெதுவும் திங்கல." அவன் கண் அலமாரிக்குப் போனது. "அது என்னங்க்கா கறுப்பா?"

சொன்னாள்.

குணா சட்டைப் பையிலிருந்த மீட்டரை எடுத்து அவள் மேசைமேல் வைத்துவிட்டு, ரெண்டு குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டான். "சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மணிக்கு அவன் நடுமேசையில் ரெண்டு குப்பியையும் வைத்தான், மயிலாளின் திறந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே. எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"இந்தக் கறுப்பு, சுனைத் தண்ணி. இந்த வெள்ளை, மயிலாக்கா காய்ச்சுனது. ரெண்டும் ஒரே நாளுல புடிச்சது. நீங்க இருவத்திமூணு பேரும் இந்த வெள்ளையக் குடிச்சீங்க. நான் ஒருத்தன் இந்தக் கறுப்பக் குடிச்சேன். மூணு நாளா எந்திரிக்க முடியல." கறுத்த குப்பியைச் செல்லாத்தாள் பக்கம் நகர்த்தினான். "போன வருசமும் இதுதானுங்க. புளிசாதம் இல்ல. மீட்டர வச்சுக்கிட்டு ஒரு வருசமா நான்தான் எல்லார்த்தையும் ஏமாத்திட்டேன்."

செல்லாத்தாள் கறுத்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அந்த அம்மாளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. இப்போதும் கேட்கவில்லை. கையைச் சோற்றிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டி, மயிலாளின் டப்பாவுக்குள் விட்டார். ஒரு பெரிய கவளம் எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது கண்ணு" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மீட்டர் வெச்சுப் பாக்கறீங்களா?" என்றாள் மயிலாள்.

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் இசக்கிமுத்துவின் கை வந்தது. அதற்குப் பின்னால் யார் கை என்றே தெரியவில்லை, வடநாட்டுப் பையன் ஒருவன் கைகூட வந்தது. கடைசியாகக் குணா தயங்கித் தயங்கி விரலை நீட்டினான். "உங்களுக்கு இன்னும் ரெண்டு நாளைக்குத் தயிர்சாதந்தான் தம்பி" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

நாலு பேர் சாப்பிடுகிற டப்பா. அவள் நிமிர்ந்து பார்த்தபோது அடியில் எண்ணெய்தான் மிச்சம் இருந்தது. அன்றைக்கு மயிலாள் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் பசியோடு லேப்புக்குத் திரும்பினாள். வழியெல்லாம் காலி டப்பாவை ஆட்டிக்கொண்டே போனாள்.